அடிபட்ட மூளைக்கு நிதானமான மூச்சு

பந்தோ முழங்கையோ தலையில் பட்டு மூளை குலுங்குவதைக் ‘கன்கஷன்’ என்கிறார்கள். பெரும்பாலும் ஸ்கேனில் எதுவும் தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கமின்மை மட்டும் படுத்தும். இருட்டறையில் முடங்கிக் கிடப்பதே மருந்து என்பது பழைய எண்ணம். மருத்துவர் ஜான் லெட்டியின் குழு, கன்கஷன் ஏற்பட்ட 13 முதல் 18 வயதுவரையிலான 103 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: மிதமான ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 13 நாளில் தேறினார்கள்; கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. உடலைப் பதமாக இயக்குவதும் சிகிச்சைதான்.

மூச்சுப் பயிற்சிக்கு இடம் இங்கேதான். அடிபட்டபின் இதயத் துடிப்பையும் ரத்த ஓட்டத்தையும் ஆளும் தானியங்கு நரம்பு மண்டலம் தடுமாறலாம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு என வயிறு எழுந்து தாழ, மெல்ல விடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயம் நிதானப்படுகிறது. பதற்றத்தில் வேகமாக மூச்சிரைத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, கிறுகிறுப்பு கூடும். ஆகவே கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகள் இப்போது வேண்டாம்.

‘மூச்சு விட்டால் மூளை ஆறுமா?’ என்று கேட்பது நியாயமே. கன்கஷனுக்கென நடந்த மூச்சு ஆய்வுகள் சிறியவை. அதனால் இது துணைதான், மாற்று மருந்தல்ல. ஆனால் செலவில்லாதது, படுக்கையிலேயே செய்யக்கூடியது, பதற்றத்தையும் தணிப்பது. தொடர் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் மூச்சை எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.