காய்ச்சலுக்குள் நடக்கும் பாடம்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் கரியமாணிக்கம் பகுதியில் டெங்குவைப் பற்றிப் பேசாமல் அறிவியல் வகுப்பு நடத்த முடியாது. "வெள்ளையணுக்கள் கிருமியை எதிர்க்கும்" என்றதும் எட்டாம் வகுப்பு மாணவர்கள், "கிருமி வந்தது அதுக்கு எப்படித் தெரியும் சார்?" என்று கேட்பார்கள். நான் தரும் விளக்கம் இது.

ஏடிஸ் கொசு கடிக்கும்போது வைரஸ் தோலுக்குள் இறங்குகிறது. அங்கே மரக்கிளை போன்ற நீட்சிகளுடன் டென்ட்ரைட்டிக் செல்கள் காத்திருக்கின்றன. 1973இல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் இருவரும் இவற்றை அடையாளம் கண்டனர். இவை கிருமியின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குச் சென்று, டி செல்களிடம் காட்டுகின்றன.

துணுக்கைக் காட்டினால் மட்டும் போதாது. 'இது ஆபத்து' என்ற செய்தியும் சேர வேண்டும். அச்செய்தியைத் தருபவற்றுள் முக்கியமானது இன்டர்ஃபெரான். 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த புரதம் இது. வைரஸ் தொற்றிய செல்கள் இதை வெளியிடுகின்றன. இதனால் அண்டைச் செல்கள் விழிப்படைகின்றன. டென்ட்ரைட்டிக் செல்கள் முதிர்ந்து, டி செல்களைத் தூண்டும் திறன் பெறுகின்றன.

டெங்கு வைரஸ் டென்ட்ரைட்டிக் செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகக்கூடியது. அதன் என்.எஸ்.5 என்ற புரதம், இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்டாட்2 என்ற புரதத்தை அழித்துவிடுகிறது. மணி அடித்தாலும் அந்தச் செல்லுக்குக் கேட்காது.

இதை வகுப்பில் நடித்துக் காட்டலாம். ஒரு மாணவர் துண்டுச்சீட்டைக் காட்டுவார்; இன்னொருவர் மணி அடிப்பார். சீட்டும் மணியும் சேர்ந்தால்தான் மற்றவர்கள் எழ வேண்டும். பிறகு சீட்டு வைத்திருப்பவர் காதைப் பொத்திக்கொண்டு சீட்டை மறைத்துக்கொள்ளட்டும். மணி அடித்தும் யாரும் எழ மாட்டார்கள். டெங்கு செய்வது புரிந்துவிடும். மணி நிற்காமல் அடித்தாலும் தீங்குதான். லூபஸ் நோயாளிகள் பலரிடம் இன்டர்ஃபெரானின் செயல்பாடு மிகுந்தே காணப்படுகிறது.

எதிர்ப்பு அளவு மீறுவதும் டெங்கு தீவிரமாவதற்கு ஒரு காரணம். அந்தக் கட்டம் பெரும்பாலும் 3 முதல் 7 நாள்களுக்குள், காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டதும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரிடம் இதை நாம் சொல்ல வேண்டும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வகுப்பில் முதலில் சோர்ந்து தலைசாய்க்கும் குழந்தையைப் பார்ப்பவர்கள் நாம்தானே.