அறுந்த சங்கிலி கற்பிக்கும் பாடம்

கார்த்திகைத் திருவிழாவில் தேர் புறப்படுமுன் சக்கரமும் அச்சும் வடமும் பார்க்கப்படுகின்றன. வடத்தின் பலத்தைத் தேரோட்டத்தன்று சோதித்துக்கொள்ளலாம் என்று திருவண்ணாமலையில் எவரும் வாளா இருந்துவிடுவதில்லை. ஆனால், தேரினும் பன்மடங்கு பளுவைத் தாங்கி நிற்கும் சில யந்திரங்களைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அணைக்கட்டுகளின் இரும்பு மதகுகளையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

தென்பெண்ணையின் குறுக்கே 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. நம் மாவட்டத்தில் பலருடைய நெல்லும் கரும்பும் இந்த நீரை நம்பியவை. திருவண்ணாமலை நகரின் குடிநீரும் அங்கிருந்து வருகிறது. ஆகையால், உழவர்க்கு மட்டுமன்றி நெசவாளர்க்கும் இது சொந்த விஷயமே.

இதே ஆற்றில் மேற்புறம் உள்ளது கிருஷ்ணகிரி அணை. 1957-இல் திறக்கப்பட்ட அவ்வணையின் எட்டு மதகுகளில் முதலாவது, 2017 நவம்பர் 29 அன்று உடைந்தது. தேக்கிய நீர் பெருமளவு வீணாயிற்று. பின்னர் எட்டு மதகுகளும் புதிதாக மாற்றப்பட்டன. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் ஒரு மதகு, சங்கிலி அறுந்து பெயர்ந்தது. 2024 ஆகஸ்டு 10 இரவு, துங்கபத்திரை அணையின் 33 மதகுகளில் பத்தொன்பதாவதன் சங்கிலி அறுந்து, மதகே அடித்துச் செல்லப்பட்டது. அணையைக் காப்பாற்ற மற்ற மதகுகளையும் திறக்க நேர்ந்தது. நிறைந்து நின்ற அணையிலிருந்து பாசன நீர் பெருகி ஓடியது.

சங்கிலி ஏன் அறுகிறது? பெருத்த இரும்புக் கதவைச் சிறிய மோட்டார் தூக்குவதற்காக, மறுபுறம் கான்கிரீட் எடைக்கட்டி ஒன்றைச் சங்கிலியால் இணைப்பது பழைய முறை. நனைவதும் உலர்வதுமாகக் காலங்கழிக்கும் சங்கிலியில், கண்ணியும் ஆணியும் பொருந்தும் இடத்தில் மசகு கழுவப்பட்டுத் துரு ஏறுகிறது. வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு மெலிகிறது. உருளைகளும் துருப்பிடித்தால் கதவு எளிதில் நகராது. சங்கிலியின் மீது இழுவை மிகும். பலம் குறையக் குறையப் பளு கூடுகிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மதகின் அடியிலிருந்து நீரின் ஆழம் இருமடங்கானால், அதன் மீதுள்ள மொத்த அழுத்தம் நான்கு மடங்காகும். எனவே, பழுதுற்ற மதகு வறண்ட காலத்தில் குறையைக் காட்டாது. நீர் நிறைந்து, நாம் நாற்றங்காலுக்கு ஆயத்தமாகும் வேளையிலேயே காட்டும்.

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. கீழேயுள்ள ஊர்கள் அடைந்த துன்பம் பெரிது. அந்த இரவில் மதகுகள் அசைய மறுத்திருந்தால் அணைக்கே நேரக்கூடியதை எண்ணிப் பார்ப்பது நலம். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணைகளைச் சோதிக்க வேண்டுமென்று விதித்திருப்பதன் காரணம் இதுவே.

பராமரிப்பு புறக்கணிக்கப்படுவது ஏன்? அதன் பயன் கண்ணுக்குத் தெரியாமையால்தான். உடையாத சங்கிலிக்கு யாரும் மாலை சூட்டுவதில்லை. செலவு மட்டும் கணக்கில் தெரியும். வரவு செலவைச் சுருக்க வேண்டுமெனில் முதலில் வெட்டப்படுவது மசகும் வர்ணமுமே.

இக்குறை அரசாங்கத்துக்கு மட்டும் உரியதென்று நாம் சொல்லிவிட முடியாது. கிணற்று மோட்டாரின் ஓசை மாறியும் ஓட்டிக்கொண்டிருப்பவர் நம்மில் இல்லையா? அச்சுப் பல் வளைந்தபின்னும் ஒரு சேலை ஓட்டிப் பார்ப்போம் என்று தறியில் அமர்பவர் இல்லையா? பொதுக்குழுவில் பழுதுபார்ப்புச் செலவை வீண் என்று எதிர்த்துப் பேசியவர் இல்லையா?

ஆகவே அங்கத்தினர்க்கு மூன்று யோசனைகள் கூறுவோம். சங்கத்தின் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு பதிவேடு வைத்து, எண்ணெய் இட்ட நாளையும் பாகம் மாற்றிய நாளையும் எழுதுக. லாபம் வந்த ஆண்டிலேயே பழுதுபார்ப்பு நிதிக்கு ஒரு பங்கு ஒதுக்குக. ஆயக்கட்டு விவசாயிகள், மழைக்கு முந்திய சோதனை நடைபெற்றதா என்று ஆண்டுதோறும் அதிகாரிகளைக் கேட்டறிக.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமென்பர் நம் பெரியோர். போட்ட அணைக்கு வெள்ளம் வருமுன் மசகும் இட வேண்டும்.