பாதி வண்டி... முழு காசு!

‘மச்சி, சேலையூர்ல ஒரு ஆர்.எக்ஸ். 100 கிடக்குடா. பாதி வேலை முடிஞ்சிடுச்சாம். எடுத்து மீதியைத் தேத்தி வித்தா, போட்ட காசு டபுள்!’

இப்படி ஒரு போன் உங்களுக்கும் வந்திருக்கும். வரலைன்னா, செமஸ்டர் லீவு விடட்டும்... கட்டாயம் வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேம்ப் ரோடு பக்கம் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்பீங்க. பெயின்ட் அடிச்ச டேங்க் போர்வைக்குள்ள பளபளன்னு இருக்கும். சேஸ் மட்டும் செங்கல் மேல நிற்கும். எஞ்சின்? அது ஒரு கோணிப்பைக்குள்ள! ‘எல்லாம் இருக்கு தம்பி, மாட்டினா வேலை முடிஞ்சுது’ என்பார் வண்டிக்காரர். உங்க பாக்கெட்ல அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். கை துறுதுறுங்கும்.

அந்தப் பணத்தை வெளியே எடுக்கிறதுக்கு முன்னாடி, கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா?

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் காய்ந்துபோன ஏரிப் படுகைகளில், பழைய ஃபோர்டு கார்களை உரிச்சு, எடையைக் குறைச்சு, எஞ்சினை முறுக்கேத்தி ஓட்டின பசங்கதான் ‘ஹாட் ராடு’ங்கிற கூத்தை ஆரம்பிச்சவங்க. 1932 ஃபோர்டு அவங்களுக்குக் குலதெய்வம் மாதிரி. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு பசங்க ஊர் திரும்பின பிறகு இது ஒரு பெரிய கூட்டமாச்சு. 1948 ஜனவரியில் அதுக்குன்னே ஒரு பத்திரிகையும் வந்தது. ஏரிக்குப் பதிலா நம்ம பசங்களுக்குக் கிடைச்சது சோழவரம் விமான ஓடுதளம். காருக்குப் பதிலா, ரொம்பப் பேருக்குக் கிடைச்சது ஆர்.எக்ஸ். 100.

1985-ல் எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து இறக்கின வண்டி. 98 சி.சி., 11 குதிரை சக்தி, நூறு கிலோவை ஒட்டின எடை. அவ்வளவுதான் ஜாதகம். ஆனா கிளம்புறப்ப முன்சக்கரம் தூக்கும். 1996-ல் புகைக் கட்டுப்பாடு இறுகினப்போ உற்பத்தி நின்னுபோச்சு. அதாவது, இன்னைக்கு நீங்க பார்க்கப்போற எந்த ஆர்.எக்ஸ். 100-க்கும் வயசு முப்பதை ஒட்டி, இல்லைன்னா அதுக்கும் மேல. உங்களைவிட அது சீனியர்! ஆரம்ப கால வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களை வச்சு சேர்த்தவைங்கிறதால ‘ஜப்பான் மேட்’னு சொன்னாலே விலை எகிறும். சொல்றவங்க எல்லார்கிட்டயும் ஜப்பான் இருக்காதுங்கிறது வேற விஷயம்.

சரி, கோணிப்பைக்கு வருவோம்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பெட்ரோலும் காத்தும் கலந்த கலவை, கிராங்க் இருக்கிற அறை வழியாத்தான் மேலே போகுது. அந்த அறை காத்துப் புகாம இருக்கணும். பழைய ஆயில் சீல் காய்ஞ்சு வெளிக்காத்தை இழுத்தா, பெட்ரோல் பங்கு குறைஞ்சு, சூடு ஏறி, பிஸ்டன் ஜாம்! பிரிச்சுப் போட்ட எஞ்சினில் இதையெல்லாம் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ‘பாதி முடிஞ்சது’ங்கிற வார்த்தை பயங்கரமானது. முடிஞ்ச பாதி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியுற பாதி... பெயின்ட், சீட், ஸ்டிக்கர். முடியாத பாதிதான் காசு தின்னும்.

பிஸ்டனைக் கையில் எடுத்துத் தலையைப் பாருங்க. 0.25, 0.50ன்னு ஓவர்சைஸ் அளவு குத்தியிருக்கும். 1.00 வரை வந்திருந்தா அந்த பிளாக் ஏற்கெனவே நாலு முறை போர் போனது. அடுத்து ஸ்லீவ் போடணும், இல்லைன்னா வேற பிளாக் தேடணும். கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைச்சுப் பாருங்க. ஆட்டம் இருந்தா கிராங்கைப் பிரிச்சு, ராடு கிட் மாத்தி, திரும்ப சென்டர் பார்த்து பிரஸ் பண்ற லேத் வேலை. இது எல்லா மெக்கானிக்கும் செய்ற வேலை இல்லை. டேங்குக்கு ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க. காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பட்டி இருக்கு.

இன்னொண்ணு, நம்ம ஏரியாவுக்கே உரியது. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் புயல்லயும் புறநகர்ல தண்ணி ஏறிச்சு. ‘ரொம்ப நாளா ஓட்டாம விட்டுட்டோம்’னு சொல்ற வண்டியில், ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளயும் கேஸிங் மூலைகள்லயும் காய்ஞ்ச வண்டல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

பார்ட்ஸ் கிடைக்குமான்னா, கிடைக்கும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினா எழும்பூர், அங்கிருந்து புதுப்பேட்டை நடை தூரம். புதுசு வேணும்னா ஜி.பி. ரோடு. வெள்ளிக்கிழமை காலேஜுக்குக் கட் அடிக்கிற தைரியம் இருந்தா பல்லாவரம் சந்தை. ஆனா ஒரு மட்கார்டுக்காக மூணு வாரம் அலைஞ்ச டீச்செலவையும் கணக்கில் எழுதணும். யாரும் எழுதுறதில்லை!

இப்போ பேப்பர். ஆர்.சி.யில் இருக்கிற எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருக்கிறதும் ஒண்ணா? ஆர்.எக்ஸ். 135 எஞ்சினைத் தூக்கி 100 சேஸில் வச்ச வண்டிகள் நிறைய. ஓட்ட சூப்பரா இருக்கும். விற்கிறப்பதான் வலி. நம்பரைத் தேய்ச்சு மறுபடி குத்தினது மாதிரி தெரிஞ்சா, டீகூடக் குடிக்காம கிளம்பிடுங்க.

ஆர்.சி. 15 வருஷத்துக்கு, அப்புறம் ஐந்தைந்து வருஷமா புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாய் ஆச்சு. நாள் கடத்தினா, 2021 அறிவிப்புப்படி பைக்குக்கு மாசம் 300 ரூபாய் கூடுதல். மூணு வருஷம் தூங்கின வண்டின்னா அதுவே 10,800. பசுமை வரி தனி. வண்டி முழுசா ஓடுற நிலையில் இருந்தாதான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட முடியும். கோணிப்பையைக் காட்ட முடியாது.

‘ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் வாங்கி வச்சுக்கலாம்டா, பெயர் மாத்தாம அப்படியே அடுத்த ஆளுக்குத் தள்ளிடலாம்’ என்பான் நண்பன். சட்டம் வாங்கினவருக்கு 30 நாள்தான் கொடுக்குது. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கின வழக்கில், ஆவணத்தில் யார் பெயர் இருக்கோ அவர்தான் பொறுப்புன்னு 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதாவது, வண்டியை எப்பவோ வித்துட்ட ஒரு பெரியவர் தலையில், உங்ககிட்ட வாங்கினவன் செய்ற விபத்து விடியும். நீங்க பெயர் மாத்திட்டு, அடுத்தவன் மாத்தலைன்னா உங்க தலை.

‘கஃபே ரேசர்’ ஆக்கி விக்கலாம்ங்கிற ஆசை இருக்கா? 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுற மாதிரி வண்டியைத் திருத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் போலீஸ் கையைக் காட்டினா, ஹேண்டில்பார், சைலன்சர்னு ஒவ்வொண்ணா எண்ணுவாங்க. என் கட்சி இதுதான்: கம்பெனியிலிருந்து வந்தது போலவே இருக்கிற வண்டிக்குத்தான் நல்ல விலை. உங்க டேஸ்ட்டுக்கு யாரும் காசு தர மாட்டாங்க.

இப்போ ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. எல்லாரும் வாங்குற விலையிலிருந்து கணக்கை ஆரம்பிப்பாங்க. நீங்க விற்கிற விலையிலிருந்து பின்னாடி வாங்க. நம்பர்கள் சும்மா உதாரணத்துக்குத்தான், உங்க விசாரிப்பைப் போட்டுக்குங்க. ஒரு லட்சத்துக்கு விற்கும்னு வச்சுப்போம். பார்ட்ஸ் 28,000. லேத், கூலி, பெயின்ட் 17,000. பேப்பர் வேலை 8,000. எதிர்பாராதது 15,000 (இது கண்டிப்பா வரும்). உங்க லாபம் 12,000. மொத்தம் 80,000. ஆக, அந்த மாடிப்படி வண்டிக்கு நீங்க கொடுக்கக்கூடியது 20,000. அவர் 40,000 கேட்டா, நீங்க வியாபாரம் பண்ணலை, தானம் பண்றீங்க. அந்த 12,000 லாபமும் ஏழு மாசத்து ஞாயிறுகளுக்குப் பிரிச்சா, ஒரு ஞாயிறுக்கு 430 ரூபாய்தான். கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போனா சாப்பாடாவது கிடைக்கும்!

அப்போ வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. ஆர்.சி. உயிரோட இருக்கணும், அதில் பெயர் இருக்கிறவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், நம்பர் ஒத்துப்போகணும், டேங்க்கும் பிளாக்கும் ஒரிஜினலா இருக்கணும். இதெல்லாம் இருந்து, வண்டிக்காரர் விலையும் உங்க கணக்குக்கு இறங்கி வந்தா எடுங்க. உங்களுக்கே ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா கூலியில் பாதி மிச்சம். ஆர்.சி. இல்லாத வண்டி ஓசியில் கிடைச்சாலும் காயலான் கடை இரும்புதான். பணம் நண்பர்கள் மூணு பேர் போட்டதுன்னா, யார் பெயரில் ஆர்.சி., யார் எவ்வளவு போட்டாங்கன்னு ஒரு நோட்டில் எழுதிக்குங்க.

கடைசியா வண்டிக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி: ‘நீங்க ஏன் அண்ணா பாதியில நிறுத்தினீங்க?’

இந்தக் கேள்வியை நான் கேட்கலை. பெருங்களத்தூர் பக்கம் ஒரு வண்டி. பேரம் பேசின சந்தோஷத்தில் மினி வேனில் ஏத்திட்டு வந்துட்டேன். ஆர்.சி.யில் இருந்தவர் இறந்து பல வருஷம் ஆச்சுன்னு பிறகுதான் தெரிஞ்சது. ஃபார்ம் 31, வாரிசுச் சான்றிதழ்னு ஆரம்பிச்சு, அவர் பிள்ளைகளைத் தேடிப்போனா, ஒருத்தர் துபாயில், இன்னொருத்தர் ‘எங்கப்பா வண்டியை நாங்க விக்கவே இல்லையே’ங்கிறார். பெட்டிக்கடைக்காரர் ஒருத்தர்தான் சொன்னார், எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இதே வண்டியோட இதே வீட்டுக் கதவைத் தட்டிட்டுப் போயிருக்காங்களாம்.

சேஸ் இன்னும் எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கு. அம்மா அது மேல கோலமாவு டப்பா வச்சிருக்காங்க.