முகவரி மாறும்போது வழி மறையாதிருக்க



வீடு மாறுகிறவர்கள் தபால் நிலையத்தில் புதிய முகவரியை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இல்லாவிட்டால் கடிதங்கள் பழைய வாசலுக்கே போய்ச் சேரும். இணையதளம் முகவரி மாறும்போதும் இதே நிலைமைதான்.

வடக்குத்து மக்கள் யாவரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 2016-ல் ‘என்.எல்.சி. இந்தியா’ என்று பெயர் மாறியது. நெடுங்காலம் ‘டாட் காம்’ என்று முடிந்த அதன் இணையதள முகவரி, பின்னர் ‘டாட் இன்’ என்று ஆயிற்று. மாறியது சிறு சொல்தான். ஆனால் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும், டெண்டர் பார்க்கும் சிறு ஒப்பந்தக்காரர்களும் பெரும்பாலும் கூகுளில் தேடித்தான் இத்தகைய தளங்களை அடைகிறார்கள். எந்தத் தளமாயினும் தேடலில் பின்னுக்குப் போய்விட்டால், கடைசித் தேதி கடந்தபின் செய்தி கிடைக்கும். அல்லது போலித் தளம் முந்திக்கொள்ளும்.

பிற தளங்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்துள்ள இணைப்புகள் ஒரு தளத்திற்கு நற்பெயரைச் சேர்க்கின்றன. அந்த நற்பெயர் பழைய முகவரியின் கணக்கில் இருக்கிறது. அதைப் புதிய கணக்கிற்கு மாற்றச் செய்யவேண்டியவை இவை:

1. பழைய பக்கங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய புதிய பக்கத்தைக் குறிக்கவேண்டும். எல்லாவற்றையும் முதற்பக்கத்திற்கே அனுப்பினால், கூகுள் அவற்றை இல்லாத பக்கங்களாகக் கருதக்கூடும்.

2. ‘301’ என்னும் நிரந்தர வழிமாற்றத்தை அமைக்கவேண்டும். ‘302’ என்பது தற்காலிகமானது.

3. தளத்திற்குள் இருக்கும் இணைப்புகளையும் சைட்மேப்பையும் புதுப்பித்து, கூகுள் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும்.

4. வழிமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் கூறுகிறது. அதன் பின்னும் பழைய பெயருக்கான கட்டணத்தை நிறுத்தாதிருப்பது நல்லது. கைவிட்ட பெயரை யாரும் வாங்கி, உங்கள் பெயரால் பணம் கேட்கலாம்.

5. அதே சமயத்தில் தளத்தின் வடிவத்தையும் மாற்றவேண்டாம். பிறகு சரிவு ஏற்பட்டால் காரணம் விளங்காது. சில வாரங்கள் ஏற்ற இறக்கம் இருப்பது இயல்பே.

வங்கிகளும் அண்மையில் இவ்விதம் இடம் மாறின. 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முகவரியை வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். போலித் தளங்களைத் தடுப்பதே நோக்கம். ஆகவே இணையத்தில் நன்கொடை அனுப்புகிறவர்கள், வங்கித் தளத்தின் முகவரி எப்படி முடிகிறது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

உங்கள் சபையின் இணையப் பக்கத்தில் வங்கி, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் பழைய முகவரிகள் இருக்குமானால், அவற்றை இந்த மாதமே திருத்திவிடுங்கள். இடம் மாறியவர்களுக்கும், அவர்களைத் தேடி வருகிறவர்களுக்கும் அது பேருதவியாயிருக்கும்.