‘ரம்மியம்’: கண்ணுக்கா, மனசுக்கா?

கேமரன் மலை பற்றி எதை எடுத்து வாசித்தாலும் இரண்டாவது பத்திக்குள் ‘ரம்மியமான காட்சி’ வந்துவிடும். மாணவர் கட்டுரையிலும் அதுதான், சுற்றுலா விளம்பரத்திலும் அதுதான். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

‘ரம்மியம்’ வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேர் ‘ரம்’. மகிழ்தல் என்பது அதன் பொருள். ஓய்ந்திருத்தல், ஓரிடத்தில் தங்குதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ரமணி, ரமணீயம், ஏன், இராமன் என்ற பெயர்கூட இந்த வேரில் கிளைத்தவைதான். தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் பழைய முறைப்படி ‘இரம்மியம்’ என்று எழுதுவார்கள். ‘ரம்யம்’ என்றும் சிலர் எழுதுவதுண்டு. இன்று பரவலாக வழங்குவது ‘ரம்மியம்’.

‘அழகு’ எதற்கும் பொருந்தும். முகம் அழகு, கையெழுத்து அழகு என்போம். ‘ரம்மியமான கையெழுத்து’ என்று யாரும் சொல்வதில்லை. மாலைப்பொழுது, மலைச்சரிவு, ஆற்றங்கரை, புல்லாங்குழல் இசை என நாம் சற்று நேரம் உள்ளே இருந்து அனுபவிக்கும் ஒன்றுக்குத்தான் அந்தச் சொல் பொருந்துகிறது. தூய தமிழில் வேண்டுமென்றால் எழில், வனப்பு, கவின் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை பார்க்கப்படும் பொருளின் அழகைச் சொல்பவை. ரம்மியமோ பார்ப்பவரின் மனநிறைவையும் சேர்த்துச் சொல்கிறது.

இங்கேதான் நம் தோட்டத்து அனுபவம் குறுக்கே வருகிறது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இன்று சுற்றுப்பயணிகள் நின்று படமெடுக்கும் அந்தப் பச்சைச் சரிவுகளில் கூடையைச் சுமந்து கொழுந்து கிள்ளியவர்களில் நம்மவர்கள் நிறைய பேர். பனியும் அட்டைக்கடியும் எடைக் கணக்கும்தான் அவர்களுக்கு அந்த மலை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர்களுக்கும் அப்படித்தான். ஓய்ந்து நிற்க நேரமில்லாதவர் வாயில் ‘ரம்மியம்’ எப்படி வரும்?

அதற்காகத் தோட்டத்தில் அழகை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் சொல் வேறு: “கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு.” வெயிலில் உழைத்த உடம்புக்குக் குளிர்ச்சியைவிடப் பெரிய இன்பம் ஏது? என்னைக் கேட்டால் ‘ரம்மியம்’ சொல்வதை இது இன்னும் நெருக்கமாகச் சொல்கிறது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன யோசனை. ‘ரம்மியமான’ என்று எழுதியதும் நிறுத்திவிடாதீர்கள். அங்கே என்ன இருந்தது என்று அடுத்த வரியில் எழுதுங்கள். மூடுபனியா, ஈரமண் வாசமா, செம்பனை ஓலையில் விழுந்த வெயிலா? பாட்டி அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்றால், அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.