உடல் இருக்கட்டும், தந்தி மாறட்டும்
விலை குறைந்த பேஸ் கிதாரை மேம்படுத்த ஒரு செலவு வரிசை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் இடம் கோபாலபுரம். இந்த எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து பேசப்படுகின்றன. இசையும் அவ்வாறே. கோயில் திருவிழாவாயினும் தேவாலயப் பெருநாளாயினும் இரவில் ஒரு கானமேளா இருக்கும். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ். விசுவநாதனின் பாடல்களும், இளையராஜாவின் பாடல்களும், புதிய மலையாளப் பாடல்களும் ஒரே மேடையில் ஒலிக்கும்.

அம்மேடையில் பாடகரைப் பலரும் பார்ப்பர். டிரம்ஸ் அருகே நான்கு தந்திகள் கொண்ட நீண்ட கிதாரோடு நிற்பவரைப் பார்ப்போர் சிலரே. அவர் நிறுத்திவிட்டால் மட்டும், பாட்டின் அடித்தளம் கழன்றதை எல்லோரும் உணர்வர். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் தனக்கென ஓர் இன்னிசையைத் தாங்கி வருவது. ஏ.ஆர். ரஹ்மானின் பல பாடல்களில் ஒலிப்பது சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸின் பேஸ் கிதார். அத்தகைய பாடல்களை ஊர் மேடையில் வாசிக்க விரும்பும் இளைஞரிடம் பெரும்பாலும் இருப்பது விலை குறைந்த ஒரு கருவியே. வருமானமோ திருவிழாப் பருவத்தை நம்பியது.

ஆகவே அவர் முன் ஒரு கேள்வி எழுகிறது. கடன் பெற்றேனும் புதிய கருவி வாங்குவதா, இருப்பதையே மேம்படுத்துவதா? கேள்வி இசையைப் பற்றியது போலத் தோன்றினாலும், பாதி விடை கணக்கேட்டில் இருக்கிறது.

பெருவெம்பு காட்டும் வழி

விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாலக்காடு மாவட்டத்தில், தோற்கருவிகள் செய்வதில் தலைமுறைகளாகப் பெயர் பெற்ற ஊர் பெருவெம்பு. மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் அங்கே உருவாகின்றன. பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

மிருதங்கத்தின் உடல் பலாமரத்தால் ஆனது. நன்கு பேணினால் தந்தை வாசித்த கட்டையை மகனும் வாசிக்கலாம். அதன் தோலோ தேயும், தளரும், கிழியும். அப்போது வித்துவான் புதிய மிருதங்கம் வாங்குவதில்லை. தோலை மாற்றி மூட்டுப் போட்டுக்கொள்கிறார். நீடித்து உழைப்பது ஒன்று, தேய்ந்து மாறுவது மற்றொன்று என்ற இந்தப் பகுப்பையே வணிகவியல் மூலதனச் செலவு என்றும் வருவாய்ச் செலவு என்றும் கூறுகிறது.

கணக்கியல் பயின்றவர் அமைத்த கருவி

பேஸ் கிதாரும் இப்பகுப்புக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இன்று பரவலாக வழங்கும் அதன் வடிவத்துக்கு முன்னோடி, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ். ஃபெண்டர் கல்லூரியில் பயின்றது கணக்கியல். வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைப்பதற்கு முன் அவர் பார்த்ததும் கணக்கர் வேலை. கிதார் வாசிக்க அவர் கற்றதே இல்லை. அவர் அமைத்த கருவியின் கழுத்து, உடலோடு ஒட்டப்படாமல் திருகாணிகளால் பிணைக்கப்பட்டது. எந்த உறுப்பு கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இன்றைய விலை குறைந்த கருவிகளுள் பல அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. அவற்றை மேம்படுத்த இயல்வது இதனால்தான்.

முதற்செலவு: தந்திகள்

பேஸ் தந்தி என்பது எஃகு உட்கம்பி ஒன்றின் மேல் மற்றொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியது. நான்கு தந்திகளுள் தடித்தது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. வாசிப்பவரின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சுற்றுகளின் இடுக்கில் படியப் படிய, தந்தியின் எடை இடத்துக்கிடம் மாறுபடும். ஒலியின் மேலதிர்வுகள் மங்கும். சுருதியும் கழுத்தின் மேற்பகுதியில் ஒத்துவராது. கருவி கெட்டுவிட்டது என்று பலர் கருதுவது இந்நிலையைத்தான். புதிய தந்திகளைப் பூட்டிக் கேட்காமல் வேறு எந்தச் செலவையும் முடிவு செய்யலாகாது.

தந்திகளில் இரு பெரும் வகைகள் உள்ளன. வட்டக் கம்பியால் சுற்றப்பட்ட ரவுண்ட்வவுண்ட் தந்தி தெளிவாகவும் எடுப்பாகவும் ஒலிக்கும். பட்டைக் கம்பியால் சுற்றப்பட்ட ஃபிளாட்வவுண்ட் தந்தி வழவழப்பானது. ஒலி மென்மையாகவும் உருண்டையாகவும் இருக்கும். 1960-களின் பாடல்களை மிகுதியாக வாசிப்பவருக்கு இரண்டாம் வகையே பொருந்தலாம். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஃபிளாட்வவுண்ட் தந்திகளை அறுந்தாலொழிய மாற்றாதவர் எனப் பெயர் பெற்றவர். அவர் நாடிய ஒலி அது. எனவே அடிக்கடி மாற்றுவதே சிறப்பு என்பதற்கில்லை. வேண்டிய ஒலி எது என்பதை முதலில் தெளிய வேண்டும்.

வாங்கும்போது மூன்றைச் சரிபார்க்கவும். முதலாவது, தந்தியின் நீள வகை. பெரும்பாலான பேஸ் கிதார்களில் அதிரும் நீளம் 34 அங்குலம். சிறிய கருவிகளில் 30 அங்குலம். இரண்டாவது, பருமன். உறையில் 45 முதல் 105 வரை எனக் குறித்திருப்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு அளந்த வழக்கமான தொகுதியாகும். மூன்றாவது, உலோகம். நிக்கல் பூசிய எஃகு விரலுக்கும் ஃப்ரெட்டுக்கும் சற்று மென்மையானது. துருவேறா எஃகு கூர்மையாக ஒலிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து வைப்பது, செலவில்லாமல் அவற்றின் ஆயுளை நீட்டும்.

செலவில்லாத மேம்பாடு: சீரமைப்பு

இத்தகைய தொகுதியின் நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ விசையோடு இழுக்கின்றன. பருமன் மாறினால் இழுவிசையும் மாறும். கழுத்தின் வளைவும் மாறும். அதனைச் சரிசெய்யக் கழுத்தினுள் டிரஸ் ராடு என்னும் எஃகுத் தண்டு உள்ளது. அதற்குரிய சாவியை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. பழக்கமில்லாதவர் இதனைக் கருவி பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நன்று.

அடுத்தது சுருதிச் சீர்மை. தந்தியைத் திறந்த நிலையில் மீட்டுக. பின்பு 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டாவது ஒலி முதலாவதன் மேல்ஸ்தாயியாகத் துல்லியமாக அமைய வேண்டும். அது கூடுதலாக ஒலித்தால், வீணையில் குதிரை எனப்படும் பிரிட்ஜில் அத்தந்தியைத் தாங்கும் துண்டைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். குறைந்து ஒலித்தால் முன்னுக்கு. கைப்பேசியில் கிடைக்கும் சுருதி காட்டும் செயலியே இதற்குப் போதுமானது.

மூன்றாவது, தந்திகளுக்குக் கீழே உள்ள பிக்கப்பின் உயரம். பக்கவாட்டுத் திருகாணிகளைத் திருப்பி அதனை ஏற்றலாம், இறக்கலாம். தந்திக்கு அருகே வந்தால் ஒலி வலுக்கும். மிகவும் நெருங்கினால் காந்தம் தந்தியையே இழுத்துச் சுருதியைக் குலைக்கும். பிக்கப் சரியில்லை என்ற குறை, சில வேளைகளில் திருப்புளியின் இரண்டு திருப்பங்களில் தீர்ந்துவிடும்.

மூலதனச் செலவு: பிக்கப்

இவ்வளவும் செய்த பின்னரும் ஒலி மங்கலாகவோ இரைச்சலோடோ இருந்தால் பிக்கப்பை எண்ணலாம். பிக்கப் என்பது காந்தமும், அதைச் சூழ மயிரிழையினும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய சுருளும் ஆகும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை.

மேடை விளக்குகளும் ஜெனரேட்டரும் உள்ள இடத்தில் ஒற்றைச் சுருள் பிக்கப், நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். 1957-இல் பிரிசிஷன் பேஸில் வந்த இருபாதிச் சுருள் அமைப்பு இதற்கு ஒரு தீர்வு. ஒரு பாதியில் நுழையும் உறுமல், மற்றப் பாதியில் எதிர்த்திசையில் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் வகையில் இரு பிக்கப்புகள் உண்டு. இரண்டையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் உறுமல் அடங்கும்படி அவை பொதுவாக அமைக்கப்படுகின்றன. பிக்கப்பைக் குறைசொல்லும் முன், தளர்ந்த கேபிள் இணைப்பையும், கரகரக்கும் ஒலியளவுத் திருகையும், விட்டுப்போன பற்றவைப்பையும் சோதிப்பது முறை.

மாற்றுவதாயின், பழைய பிக்கப்பின் நீள அகலங்களையும் திருகாணித் துளைகளின் இடைவெளியையும் அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். பொருந்தாத ஒன்றுக்காக மரத்தைக் குடைந்தால் கருவியின் மறுவிற்பனை மதிப்பு வீழும். பழைய பிக்கப்பை எறிந்துவிடாதீர்கள். பின்னொரு நாள் கருவியை விற்கும்போது அதையே மீண்டும் பொருத்தி, புதியதை அடுத்த கருவிக்கு எடுத்துக்கொள்ளலாம். மேம்பாட்டுக்குச் செலவிட்ட முழுத் தொகையையும் பழைய கருவி வாங்குவோர் தருவதில்லை.

வரவும் செலவும்

இப்போது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவை. விலை கடைக்குக் கடை மாறும். கருவியின் விலை 15,000 ரூபாய். ஆண்டுக்கு ஒரு தொகுதித் தந்தி 2,000 ரூபாய். நல்ல பிக்கப்பும் அதனைப் பொருத்தும் கூலியும் 9,000 ரூபாய்.

ஆண்டுக்கு 40 மேடை ஏறுபவருக்குத் தந்திச் செலவு மேடை ஒன்றுக்கு 50 ரூபாய். ஐந்தாண்டுகளில் அவர் ஏறும் மேடைகள் 200. பிக்கப்பின் செலவை அவற்றின் மேல் பகிர்ந்தால் மேடைக்கு 45 ரூபாய் மட்டுமே. பெரியதாகத் தோன்றிய செலவு உண்மையில் சிறியது. ஆண்டுக்கு ஐந்து மேடை மட்டும் ஏறுபவருக்கோ அதே பிக்கப், மேடைக்கு 360 ரூபாய் ஆகிறது. அவர் தந்தியோடும் சீரமைப்போடும் நின்றுகொள்வது தகும். ஆக, பொருளின் விலையைக் காட்டிலும் பயன்பாட்டின் எண்ணிக்கையே முடிவைக் காட்டுகிறது.

பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் அதே பகுப்பு சொல்லிவிடுகிறது. தந்தி தேயும் பொருள். அதை அன்றன்றைய வருவாயிலிருந்து வாங்க வேண்டும். அதற்காகக் கடன் அட்டை நிலுவையை வளர்ப்பது, உண்ட சோற்றுக்கு வட்டி கட்டுவது போன்றது. பிக்கப்புக்குத் தொடர் வைப்பு போதும்: திருவிழாப் பருவத்தில் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் செலுத்தினால் ஒன்பதாம் மாதம் வட்டியோடு தொகை கைக்கு வரும், அடுத்த பருவத்துக்குள் கருவியும் ஆயத்தமாகும். இசையையே தொழிலாகக் கொண்டு ஆம்ப்ளிஃபயர் உள்ளிட்ட முழுத் தொகுதியும் வாங்க வேண்டியவருக்கு, 2015-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் சிசு பிரிவு உண்டு. அதன்கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழி இருக்கிறது. தமக்குத் தகுதி உண்டா என்பதை அருகிலுள்ள கிளையில் கேட்டறியலாம். வருமானம் ஈட்டும் கருவிக்கு அது பொருந்தும், பொழுதுபோக்குக்குப் பொருந்தாது.

வரிசை இதுதான்: தந்தி, சீரமைப்பு, மின்னிணைப்புச் சோதனை, கடைசியாகப் பிக்கப். ஒவ்வொரு படியிலும் நின்று, வாசித்து, மேடைக்கு எதிரே அமர்ந்திருக்கும் நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் காதுக்கு வேறுபாடு தெரியாத செலவைத் தள்ளிவைப்பதில் இழப்பு ஏதுமில்லை.

பிள்ளைகளின் கையில் கிதாரைக் கண்டு கவலையுறும் பெற்றோருக்கும் ஒரு சொல். 2,000 ரூபாய்த் தந்தியா, 40,000 ரூபாய்ப் புதுக் கருவியா என்று எண்ணிப் பார்த்து, முதலாவதைத் தேர்ந்து, எஞ்சியதைச் சேமிக்கக் கற்ற பிள்ளைக்கு நாளை வீட்டுக்கடனின் கணக்கும் எளிதில் விளங்கும்.