பெயர், நிறம், ஒலி, மணம்: எவையெல்லாம் வணிகச் சின்னம் ஆகும்?

ஒரு கடையின் உண்மையான சொத்து எது? கட்டடம், சரக்கு, இயந்திரங்கள் என்று கணக்கேடு பட்டியலிடும். ஆயினும், வாடிக்கையாளர் எதை நம்பி மீண்டும் வருகிறாரோ, அந்தப் பெயரும் அடையாளமும் பல வேளைகளில் இவையனைத்தையும்விட மதிப்பு மிக்கவை. அந்த அடையாளம் பிறர் கைக்குப் போய்விட்டால், பல்லாண்டு உழைப்பும் உடன் போய்விடும்.

புனே நகரத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. ஈரானி தம்பதியர் 1992ஆம் ஆண்டு முதல் அங்கே ‘பர்கர் கிங்’ என்ற பெயரில் உணவகம் நடத்தி வந்தனர். அதே பெயரைக் கொண்ட அமெரிக்க நிறுவனம், 1979இலேயே தன் பெயரை இந்தியாவில் பதிவு செய்திருப்பதாகக் கூறி, 2011இல் வழக்குத் தொடுத்தது. ஆனால் அந்நிறுவனம் இந்தியாவில் தன் முதல் உணவகத்தைத் திறந்தது 2014இல்தான். இந்த நாட்டில் பெயரை முன்பே பயன்படுத்தி வந்தவர் புனே உணவகத்தாரே என்று கருதிய புனே மாவட்ட நீதிமன்றம், 2024 ஆகஸ்டில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு முடியும்வரை அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாதென மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தடை விதித்தது. அத்தடையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மாவட்ட நீதிமன்றத்தில் மட்டும் இவ்வழக்கு பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது என்பதைச் சிறு வணிகர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டம் கூறும் இரு தகுதிகள்

நம் நாட்டில் இத்துறையை ஆள்வது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். ஓர் அடையாளம் வணிகச் சின்னமாக வேண்டுமாயின், அதற்கு இரு தகுதிகள் தேவை. முதலாவது, அதை வரைவடிவில் காட்ட இயலவேண்டும். இரண்டாவது, ஒருவருடைய பொருளையோ சேவையையோ மற்றவருடையதிலிருந்து அது வேறுபடுத்திக் காட்டவேண்டும். பெயர், சொல், எழுத்து, எண், படம் ஆகியவற்றோடு பொருளின் வடிவம், பொதியும் முறை, நிறச் சேர்க்கை ஆகியனவும் இதனுள் அடங்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே இருந்தது. ஆனால் 2017 அக்டோபர் 1 முதல் வரைவடிவ நிபந்தனையை அது கைவிட்டது. எது பாதுகாக்கப்படுகிறது என்பது அதிகாரிகளுக்கும் பொதுமக்களுக்கும் தெளிவாக விளங்கினால் போதும் என்பதே அங்கு இன்றைய விதி. எனவே ஒலிக்கோப்பையும் காணொளியையும்கூட அங்கே நேரடியாக அளித்துப் பதிவு கோரலாம்.

குடும்பப் பெயரும் நிறமும்

‘இது என் குடும்பப் பெயர்; இதைப் பயன்படுத்த யார் தடை சொல்ல முடியும்?’ என்று பலர் எண்ணுவதுண்டு. புனேயில் வேரூன்றிய கிர்லோஸ்கர் குழுமத்தின் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 1995இல் இதற்கு விடையளித்தது. நெடுங்காலப் பயன்பாட்டால் ஒரு குடும்பப் பெயர் வணிகச் சின்னத்தின் தகுதியைப் பெற்றுவிட்டால், மக்கள் குழப்பமடையும் வகையில் பிறர் அதைத் தம் நிறுவனப் பெயரில் சேர்த்துக்கொள்ள இயலாது என்பதே அதன் சாரம்.

நிறத்திற்கும் புனேயிலேயே எடுத்துக்காட்டு உண்டு. நகருக்கு அருகே சணஸ்வாடியில் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனத்தின் பச்சை மஞ்சள் நிறச் சேர்க்கையை, அதன் அடையாளமாக டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ஏற்றது. வயலின் தொலைவில் நிற்கும் வண்டியை நிறத்தைக் கொண்டே உழவர் இனங்காண்கிறார் அல்லவா? தனியொரு நிறத்திற்கு உரிமை கோருவது இதைவிடக் கடினம். நிறங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒவ்வொன்றையும் ஒருவர் எடுத்துக்கொண்டால் பிற்பட்டு வருவோர்க்கு எதுவும் மிஞ்சாது.

வடிவமும் ஒலியும்

மும்பை தாஜ்மகால் பேலஸ் விடுதிக் கட்டடத்தின் தோற்றம் 2017இல் வணிகச் சின்னமாகப் பதிவு பெற்றது. எனினும், எல்லா வடிவங்களுக்கும் இவ்வுரிமை கிட்டாது. பொருள் இயங்குவதற்குத் தேவையான வடிவத்தை ஒருவர் தமதாக்கிக்கொள்ள இந்தியச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் இடங்கொடுப்பதில்லை. லெகோ விளையாட்டுக் கட்டை 2010இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது இக்காரணத்தால்தான். தொழில்நுட்பத்திற்குரிய காப்புரிமை குறிப்பிட்ட ஆண்டுகளில் முடிந்து, அறிவு பொதுவுடைமையாகும். வணிகச் சின்னமோ புதுப்பிக்கப் புதுப்பிக்க முடிவின்றி நீளும். ஒன்றை மற்றொன்றின் வாயிலாக நீட்டித்துக்கொள்ளல் ஆகாது என்பதே இதன் உட்பொருள்.

ஒலியைப் பொறுத்தவரை, யாகூ நிறுவனத்தின் கூவலிசை 2008இல் இந்தியாவின் முதல் ஒலிச் சின்னமாகப் பதிவாயிற்று. இந்திய நிறுவனங்களுள் ஐசிஐசிஐ வங்கி இதில் முன்னோடி. 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி, முப்பது விநாடிக்கு மேற்படாத எம்பி3 ஒலிப்பதிவையும் அதன் இசைக்குறிப்பையும் அளித்தல் வேண்டும்.

மணத்தின் வழக்கு

மிகவும் சிக்கலானது மணமே. புதிதாக வெட்டிய புல்லின் மணத்தை டென்னிஸ் பந்துகளுக்குரிய சின்னமாக ஐரோப்பிய அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் 1999இல் ஏற்றது. ஆனால் 2002இல் சீக்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கதவை ஏறத்தாழ அடைத்துவிட்டது. வேதியியல் வாய்பாடோ, சொல் விளக்கமோ, புட்டியில் அடைத்த மாதிரியோ ஒரு மணத்தைத் தெளிவாகவும் நிலையாகவும் காட்டப் போதாது என்றது அத்தீர்ப்பு.

இந்தியாவில் அக்கதவு வேறு வகையில் திறந்தது. டயர்களுக்கு ரோஜா மணம் என்ற ஜப்பானின் சுமிடோமோ ரப்பர் நிறுவனத்தின் விண்ணப்பத்தை, ஏற்கப்பட்டதாக விளம்பரப்படுத்துமாறு 2025 நவம்பரில் உத்தரவு பிறந்தது. அலகாபாத் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அம்மணத்தை ஏழு பரிமாண வரைபடமாக அமைத்துத் தந்தமையே வரைவடிவ நிபந்தனையை நிறைவு செய்தது. டயருக்கு ரோஜா மணம் இயல்பன்று. ஆதலால் அது வேறுபடுத்திக் காட்டுகிறது. அதே மணத்தை ஊதுவத்திக்குக் கேட்டிருந்தால் நிலை வேறாயிருக்கும்.

ஊருக்குரிய அடையாளம்

புனேயின் தலைப்பாகையான ‘புனேரி பகடி’ 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரம் பட்டும் அவ்வாறே. இவை தனியொரு வணிகரின் சொத்தல்ல. அவ்வட்டாரத்தில் முறைப்படி உற்பத்தி செய்வோர் அனைவர்க்கும் பொது. இதற்கான நாட்டின் ஒரே பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது.

வணிகர் செய்ய வேண்டுவன

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது பொருளை விவரிக்கும் சொல்லைத் தவிர்த்தல் நன்று. ‘இனிப்புக் கடை’ என்ற பெயருக்குத் தனியுரிமை பெறுதல் அரிது. பொருளோடு தொடர்பற்ற சொல்லுக்கோ புதிதாகப் புனைந்த சொல்லுக்கோ பெறுதல் எளிது. பலகை எழுதுவதற்கு முன்பே பதிவகத்தின் இணையத்தளத்தில் அப்பெயர் எடுக்கப்பட்டுள்ளதா என்று கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இணையவழி விண்ணப்பத்திற்குத் தனிநபர், புத்தொழில், சிறுதொழில் நிறுவனங்கள் வகுப்பொன்றுக்கு 4,500 ரூபாயும், மற்றவர்கள் 9,000 ரூபாயும் செலுத்தவேண்டும். புனே வணிகர்க்கு மும்பை அலுவலகமும், தமிழக வணிகர்க்குச் சென்னை அலுவலகமும் உரியவை. சின்னம் இதழில் வெளியானபின் நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு பத்தாண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம்.

பதிவு செய்தபின் பயன்படுத்தாமல் விடுதலும் இடர்தான். ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத சின்னத்தை நீக்கக் கோரிப் பிறர் விண்ணப்பிக்கலாம். முதல் விற்பனைச் சீட்டு, விளம்பரம், கடை உரிமம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பெயரை முதலில் பயன்படுத்தியவர் யார் என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழும்போது, இத்தகைய பழைய தாள்களே உங்களுக்காகப் பேசும்.